உறவுக்கும் கருவுக்கும் இடையே ஒன்பது மாதம்

ஒரு பெண் கருவுற்றிருக்கிறாள் என்பதைச் சொல்ல நம் பாட்டிகளுக்கு இரண்டு சொல் போதும்: “முழுகாம இருக்கா.” மாதவிலக்கு முடிந்து தலைமுழுக வேண்டிய நாள் வந்துவிட்டது, ஆனால் அவள் முழுகவில்லை. அப்படியென்றால் வயிற்றில் ஏதோ தங்கியிருக்கிறது. இந்த இரண்டு சொல்லுக்குள் எவ்வளவு கவனிப்பு ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். நாள் எண்ணத் தெரிய வேண்டும். ரத்தம் வருவது வழக்கம், வராமல் போவதுதான் சேதி என்று தெரிய வேண்டும். அந்தச் சேதிக்கும் பல மாதம் கழித்துக் கேட்கப்போகும் அழுகைக்கும் தொடர்பு உண்டு என்று தெரிய வேண்டும்.

ஆனால் இந்தச் சொல்லில் ஆண் இல்லை. ஒரு பெண் தன் உடம்பில் நடந்ததைக் கணக்கு வைத்து அறிந்தாள், அவ்வளவுதான் இதில் இருக்கிறது. குழந்தை வரப்போகிறது என்று அறிவது ஒன்று. அது எதனால் வந்தது என்று அறிவது வேறொன்று. அந்த இரண்டாவது விஷயத்தை மனிதர்கள் எப்படித் தெரிந்துகொண்டார்கள்?

இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் பதில் ஒன்று உண்டு. ஆதி மனிதனுக்கு எதுவும் தெரியாது. பெண் தானாகவே பிள்ளை பெறுகிறாள் என்று நினைத்து அவளைத் தெய்வமாக வணங்கினான். ஆடு மாடு வளர்க்கத் தொடங்கியதும் உண்மை புரிந்தது. அன்றோடு தாய்த் தெய்வம் இறங்கித் தந்தை ஆட்சி ஏறியது. 19ஆம் நூற்றாண்டில் சுவிஸ் அறிஞர் பாகோஃபனும் மார்க்சின் தோழர் எங்கெல்சும் எழுதியவற்றின் சாயல் இதில் இருக்கிறது. உண்மையில் அவர்கள் பேசியது, தந்தை யார் என்று உறுதியாகச் சொல்ல முடியாத நிலையைப் பற்றி. அது கைமாறிக் கைமாறி, உறவினால் கரு உண்டாகிறது என்பதே தெரியாத நிலையாக மாறிவிட்டது. கதை கச்சிதமாக இருக்கிறது. ஆனால் கிடைத்திருக்கும் சான்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தால் இந்தக் கதை நிற்கவில்லை.

முதலில், இது ஏன் கண்ணுக்கு எளிதில் படாத தொடர்பு என்று பார்த்துவிடலாம். இன்று நமக்கு இது வெளிப்படையாகத் தெரிவதால், தெரியாமல் இருந்திருக்க முடியுமா என்று தோன்றுகிறது. கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. மாதத்தின் ஏதோ ஒரு நாளில் நடக்கும் ஒரே ஒரு உடலுறவினால் கரு உண்டாகும் வாய்ப்பு ஏறத்தாழ 3 சதவீதம்தான். ஒவ்வொரு சுழற்சியிலும் கருமுட்டை வெளிப்படும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளும், ஆக மொத்தம் ஆறு நாள்தான் கருவுறும் காலம். அந்த நாள்கள் எவை என்பதற்கு வெளியே தெளிவான அடையாளம் எதுவும் இல்லை. பெண் நாய்க்குப் பருவம் வந்தால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். மனித உடம்பு அதை மூடி வைத்திருக்கிறது.

அதாவது நூறு முறையில் தொண்ணூற்றேழு முறை ஒன்றும் ஆகாது. ஆகும் அந்த மூன்று முறையிலும் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. நாள் தள்ளிப்போவது தெரிய இரண்டு வாரம் ஆகும், வயிறு தெரியச் சில மாதம் ஆகும். அதற்குள் அந்தத் தம்பதி பலமுறை கூடியிருப்பார்கள். கரு உண்டான பிறகும் கூடுவார்கள். எந்த இரவுக்கும் எந்தக் குழந்தைக்கும் முடிச்சுப் போடுவது?

இன்னும் சிக்கல் உண்டு. வேட்டையாடியும் கிழங்கு, காய் பறித்தும் வாழும் சமூகங்களில் மாதவிலக்கே அடிக்கடி நடக்கும் விஷயம் இல்லை. ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பாலைவனத்துக் குங் மக்களிடையே 1960களிலும் 70களிலும் ஆய்வாளர்கள் தங்கிக் கணக்கெடுத்திருக்கிறார்கள். அப்போது அங்கே பெண்கள் பூப்படைந்தது 16, 17 வயதில். முதல் குழந்தை 19 வாக்கில். தாய்மார்கள் கைக்குழந்தைக்கு ஒரு மணி நேரத்துக்குள் பலமுறை பால் கொடுப்பார்கள். இரவிலும் குழந்தை பக்கத்திலேயே கிடந்து குடிக்கும். இப்படி இடைவிடாமல் பால் கொடுக்கும்போது கருமுட்டை வெளிப்படுவது தடைபடுகிறது. ஒரு குழந்தைக்கும் அடுத்த குழந்தைக்கும் ஏறக்குறைய நான்கு ஆண்டு இடைவெளி விழுந்தது. அந்த நான்கு ஆண்டும் கணவன் மனைவி சேர்ந்துதான் வாழ்ந்தார்கள். பூப்படைந்த முதல் சில ஆண்டுகளிலும் அப்படித்தான்: ரத்தம் வரும், ஆனால் பல மாதங்களில் முட்டை வராது. ஆக, உறவு நிறைய, கரு அபூர்வம்.

சரி, உறவு கொள்ளாத பெண்களோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கலாமே என்று கேட்கலாம். முப்பது நாற்பது பேர் கொண்ட ஒரு கூட்டத்தில், பூப்படைந்த சில காலத்துக்குள் எல்லாப் பெண்களும் துணையோடு இருக்கும்போது, ஒப்பிடுவதற்கு யார் இருக்கிறார்கள்?

அறிவு இல்லாமலே உடம்பு இதற்கேற்ப நடந்துகொள்ளும் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ராஜஸ்தானின் அபு மலையில் 1970களில் சாரா ஹர்டி என்ற ஆய்வாளர் நம் கோயில் மண்டபங்களிலும் உலவும் அனுமன் குரங்குகளைப் பல பருவங்கள் பின்தொடர்ந்து கவனித்தார். வெளியிலிருந்து வரும் ஆண் குரங்கு ஒரு கூட்டத்தைக் கைப்பற்றினால், அங்கே பால் குடிக்கும் குட்டிகளைத் தாக்கிக் கொல்லும். குட்டியை இழந்த தாய் சீக்கிரமே பருவத்துக்கு வரும். அடுத்த குட்டி புதிய ஆணுடையதாக இருக்கும். ஏற்கெனவே சினையாக இருக்கும் பெண் குரங்கு, புது ஆணோடும் சேர்ந்துகொள்ளும். பிறக்கும் குட்டியை அது விட்டுவைக்க வாய்ப்பு அதிகம். பார்த்தால், தந்தைமை என்றால் என்னவென்று தெரிந்து கணக்குப்போட்டு நடப்பதுபோலவே இருக்கிறது. ஆனால் இதில் யோசனை எதுவும் தேவையில்லை. அப்படி நடந்துகொண்டவற்றின் சந்ததி மிஞ்சியது, மற்றவற்றினுடையது மிஞ்சவில்லை. ஆகவே ஆதி மனிதர்களிடம் பொறாமையும் ஜோடி சேர்ந்து வாழும் வழக்கமும் இருந்திருக்கும் என்பதைக் கொண்டு, அவர்களுக்குத் தந்தைமை தெரியும் என்று முடிவு கட்ட முடியாது. நேற்று நடந்ததையும் ஒன்பது மாதம் கழித்து நடப்பதையும் ஒரு நூலில் கோத்து, அதை வாய்விட்டு இன்னொருவருக்குச் சொல்ல மொழி வேண்டும். குரங்கிடம் அது இல்லை.

அந்த மொழி வந்த பிறகு, மனிதர்கள் எங்கிருந்து இதைக் கற்றிருக்கக்கூடும்? நான் முதலில் கை நீட்டுவது மந்தைகளை நோக்கி அல்ல, வேட்டையை நோக்கி.

பனியூழிக் காலத்தின் ஐரோப்பிய வேட்டைக்காரர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் வயிறு பனிமான்களையும் குதிரைகளையும் பைசன் என்ற காட்டெருதுகளையும் நம்பி இருந்தது. பனிமானுக்கு இலையுதிர் காலத்தில் இணை சேரும் பருவம். ஆண் மான்கள் கொம்பு மோதிக் கத்தும் சத்தம் தொலைவுக்குக் கேட்கும். ஏழரை மாதம் கழித்து, பனி உருகும் காலத்தில், பெண் மான்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கன்று ஈனும். இடைப்பட்ட குளிர்காலத்தில் ஒரு பெண் மானை அடித்துக் குடலை எடுத்தால், உள்ளே விரல் அளவில், கை அளவில், பிறகு முழங்கை நீளத்தில் கன்று கிடக்கும். ஆண்டுதோறும் இதே வரிசை. ஒரு தலைமுறை வேட்டைக்காரன் பார்க்காவிட்டாலும் பத்துத் தலைமுறை பார்த்திருக்கும். மனித உடம்பு மூடி வைத்திருக்கும் விஷயத்தை மான் மந்தை வருடம் ஒருமுறை திறந்து காட்டியது.

எல்லா விலங்கும் இப்படித் தெளிவாகச் சொல்லித் தரவில்லை என்பதும் உண்மை. குதிரைக்குச் சினைக்காலம் ஏறத்தாழ 11 மாதம். வசந்தத்தில் குட்டி போட்டு, ஒன்றிரண்டு வாரத்துக்குள் மறுபடியும் பருவத்துக்கு வந்துவிடும். ஈனுவதும் இணை சேர்வதும் ஒரே பருவத்தில் நடந்தால் எது எதற்குக் காரணம் என்று குழம்பத்தான் செய்யும். பைசனுக்கோ ஏறக்குறைய ஒன்பது மாதம், மனிதருக்கு நிகர்.

பிரான்ஸின் பிரனீஸ் மலை அடிவாரத்தில் தூக் தோதுபேர் என்றொரு குகை இருக்கிறது. 1912இல் பெகூவான் பிரபுவின் மூன்று மகன்கள் அதன் உள்ளே நெடுந்தூரம் நுழைந்து போய்ப் பார்த்தார்கள். கடைசி அறையில், தரையில் கிடந்த ஒரு பாறையில் சாய்ந்தபடி இரண்டு களிமண் பைசன்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டடி நீளம். முன்னால் பெண், பின்னால் ஆண். செய்தவரின் விரல் அழுத்திய தடம்கூடக் களிமண்ணில் அப்படியே இருக்கிறது. வயது ஏறத்தாழ 14,000 ஆண்டு. பக்கத்து அறையின் மண் தரையில் இளம் வயதினரின் குதிகால் தடங்கள். ஆண் பைசன் பெண்ணை அணைய நெருங்கும் கணம் இது என்றே ஆய்வாளர்கள் பலர் பார்க்கிறார்கள். வெளிச்சமே புகாத இடத்தில், விளக்கு ஏந்திப் போய், ஊரின் பிள்ளைகளையும் அழைத்துப் போய், இந்தக் காட்சியை ஏன் செய்து வைக்க வேண்டும்? என்ன சடங்கு நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் விலங்கு இணை சேர்வது அவர்களுக்குச் சும்மா கடந்துபோகும் காட்சியாக இருக்கவில்லை என்பது என் எண்ணம்.

2023இல் பெனட் பேக்கன் என்பவர், டர்ஹாம் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் சிலரோடு சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். மரச்சாமான்களைப் பழுது பார்த்துப் பாதுகாப்பது இவர் தொழில். குகை ஓவியங்களில் விலங்குகளுக்குப் பக்கத்தில் இருக்கும் புள்ளிகளும் கோடுகளும் வசந்தத்திலிருந்து எண்ணப்பட்ட மாதக் கணக்கு. அவை இணை சேரும் காலத்தையும், கவை போன்ற ஒரு குறி ஈனும் காலத்தையும் சொல்கின்றன என்பது இவர்கள் வாதம். குகைக்கலை ஆய்வாளர்களில் பலர் இதை ஏற்கவில்லை. எனக்கும் இதன் மேல் பாரம் ஏற்றத் தயக்கம்தான். வேட்டைக்காரர்களின் அறிவுக்கு இந்தக் கட்டுரையின் துணை கட்டாயம் தேவை என்றும் தோன்றவில்லை; இறந்த மானின் வயிறே போதுமான புத்தகம்.

அப்புறம் மந்தை. ஈரானின் சாக்ரோஸ் மலைப்பகுதியில் கஞ்ச் தரே என்ற மேட்டில் ஏறத்தாழ 10,000 ஆண்டுக்கு முந்தைய வெள்ளாட்டு எலும்புகள் கிடைத்தன. மெலிண்டா சீடர், பிரையன் ஹெஸ்ஸே என்ற தொல்லியலாளர்கள் இருவரும் அவற்றை ஆணென்றும் பெண்ணென்றும் பிரித்து, எந்த வயதில் அடிபட்டவை என்று கணக்கிட்டு 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். கிடாக்கள் பெரும்பாலும் இளம் வயதிலேயே அறுக்கப்பட்டிருந்தன. பெட்டைகள் வயதாகும்வரை விடப்பட்டிருந்தன. நம் ஊரில் பட்டி வைத்திருக்கும் யாரிடம் இதைச் சொன்னாலும், இதில் என்ன அதிசயம் என்றுதான் கேட்பார்கள். பட்டிக்கு ஒன்றிரண்டு பொலிகிடா போதும். மற்றக் கிடாக்களைக் கறிக்கு விற்கலாம், காயடித்துக் கொழுக்க வைக்கலாம். பெட்டையை விற்றால் அடுத்த ஈத்து போச்சு. ஒரு கிடா பல பெட்டைகளைச் சினையாக்கும், கிடாவே இல்லாத பட்டியில் சினை நிற்காது என்ற கணக்கு அறிந்தவர்களின் வேலை இது. வெள்ளாட்டுக்குச் சினைக்காலம் ஐந்து மாதம்தான். காரணத்துக்கும் விளைவுக்கும் நடுவே அவ்வளவு குறைந்த தூரம்.

மந்தை கற்றுத் தந்தது இந்தக் கணக்கைத்தான் என்பேன். தொடர்பு இருக்கிறது என்பதையல்ல, அதை எப்படிக் கையில் எடுத்து ஆள்வது என்பதை. எந்தக் கிடாவை விடுவது, எதைக் காயடிப்பது, எந்த நிறக் குட்டி வேண்டும். இதே அறிவு மரத்துக்கும் போனது. பாபிலோனில் ஏறத்தாழ கி.மு. 1750இல் எழுதப்பட்ட ஹம்முராபி சட்டத்தில், பேரீச்சந்தோப்பை மகரந்தம் சேர்க்கச் சொல்லித் தோட்டக்காரனிடம் ஒப்படைத்தால் விளைச்சலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று விதி இருக்கிறது. ஆண் மரத்துப் பூவைக் கொண்டுவந்து பெண் மரத்துப் பாளையில் கையால் சேர்க்கும் வேலை அது. தாவரங்களுக்கும் ஆண் பெண் உண்டு என்பதை ஐரோப்பிய அறிவியல் சோதனை செய்து நிறுவியது 1694இல், கமெராரியுஸ் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் வழியாக.

மனித உருவங்களில் என்ன சான்று இருக்கிறது? பெத்லகேமுக்கு அருகே ஐன் சக்ரி பகுதியிலிருந்து வந்த ஒரு கூழாங்கல் இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வயது ஏறத்தாழ 11,000 ஆண்டு. உள்ளங்கையில் அடங்கும், பத்து சென்டிமீட்டர் உயரம். இருவர் முகத்துக்கு முகம் உட்கார்ந்து, கை கால் பின்னித் தழுவிக்கொண்டிருக்கிறார்கள். முகத்தில் கண் மூக்கு எதுவும் செதுக்கப்படவில்லை. யார் ஆண், யார் பெண் என்பதுகூட இல்லை. கூடும் ஜோடியைக் காட்டும் மிகப் பழைய சிற்பம் என்று இதைச் சொல்கிறார்கள். கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் ஒரு பக்கம் ஆண்குறி போலவும், இன்னொரு பக்கம் மார்பகங்கள் போலவும் தெரியும். செய்தவர்கள் காட்டுக் கோதுமையும் பார்லியும் அறுத்துத் தின்ற நதூபியர்கள். ஆட்டு மந்தை இன்னும் அவர்களிடம் வந்து சேரவில்லை. இந்தக் கல்லில் காதல் இருக்கிறது, கூடல் இருக்கிறது, குழந்தை இல்லை.

குழந்தை வருவது இன்னொரு கல்லில். துருக்கியின் சட்டல்ஹோயுக் என்ற புதிய கற்கால ஊரில் 1960களில் ஜேம்ஸ் மெல்லார்ட் தோண்டியபோது கிடைத்த சின்னக் கற்பலகை அது. 8,000 ஆண்டுப் பழமை. இடப்பக்கம் இருவர் தழுவி நிற்கிறார்கள். வலப்பக்கம் ஒரு பெண் கையில் குழந்தை. நடுவே எழுத்து இல்லை, அம்புக்குறி இல்லை, இரண்டு காட்சியும் ஒட்டி ஒட்டி நிற்கின்றன. “இதனால் இது” என்று படிக்கத் தோன்றுகிறது. முதல் படத்தையும் இரண்டாவது படத்தையும் பக்கத்தில் வைத்தால், நடுவே உள்ள ஒன்பது மாதத்தைப் பார்ப்பவரே நிரப்பிக்கொள்வார். வேறு விதமாகப் படிப்பவர்களும் உண்டு, உருவங்கள் தேய்ந்திருக்கின்றன. ஆனால் இந்தக் கேள்வியோடு ஒரு தொல்பொருளின் முன்னால் போய் நிற்க வேண்டும் என்றால் நான் அங்காராவில் இருக்கும் இந்தப் பலகைக்கு முன்னால்தான் நிற்பேன்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் வைக்கப்படும் சான்று பசிபிக்கிலிருந்து வருகிறது. இந்த விவாதத்தில் அதிகம் பேசப்பட்டதும், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டதும் அதுதான்.

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915 முதல் 1918 வரையான காலத்தில் மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் நியூ கினிக்குக் கிழக்கே உள்ள ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கினார். அங்கே மக்கள் அவரிடம் சொன்னது இது: இறந்தவர்களின் ஆவிகள் தூமா என்ற தீவில் வாழ்கின்றன. அலுத்துப்போன ஆவி மறுபடியும் சிசுவாகிக் கடல் நீரில் மிதந்து வருகிறது. அல்லது இன்னொரு ஆவி அதைத் தூக்கி வந்து பெண்ணின் தலையில் வைக்கிறது. அவள் ரத்தம் தலைக்கு ஏறி, சிசு வயிற்றுக்கு இறங்குகிறது. அது தாயின் குலத்து ஆவியாகவே இருக்கும். தந்தைக்கு இதில் பங்கில்லை. அங்கே நிலமும் பெயரும் தாய்வழியே போகின்றன. தந்தை என்ற சொல்லுக்கு அர்த்தம் கேட்டால், தாயின் கணவர் என்பார்கள்.

மாலினோவ்ஸ்கி விடவில்லை, வாதாடினார். அவர்கள் தந்த பதில்களில் யோசனை இருக்கிறது. திருமணமாகாத பெண்கள் விருப்பம்போல் பழகும் ஊர் அது. ஆனாலும் அவர்கள் கருவுறுவது அபூர்வம். உறவுதான் காரணம் என்றால் இவர்களுக்கல்லவா நிறையக் குழந்தை பிறந்திருக்க வேண்டும் என்று கேட்டார்கள். பூப்படைந்த முதல் சில ஆண்டுகளில் கரு தங்குவது அரிது என்று மேலே பார்த்தோமே, அதைத்தான் அவர்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள். வளர்ப்புப் பன்றியைக் காட்டிக் கேட்டால், நாங்கள் ஆண் பன்றிகளைக் காயடித்துவிடுகிறோம், ஆனாலும் பெண் பன்றிகள் குட்டி போடுகின்றனவே என்றார்கள். புதருக்குள் காட்டுப் பன்றி இருப்பது கணக்கில் வரவில்லை.

ஆனால் அதே மக்கள், ஆணைத் தொடாத பெண்ணுக்குக் கரு உண்டாகாது என்றும் சொன்னார்கள். வழி திறந்திருக்க வேண்டும். துதவா என்ற புராண நாயகனின் தாய் ஒரு குகையில் தூங்கும்போது மேலிருந்து சொட்டிய நீர் அந்த வழியைத் திறந்தது என்று கதை. அதற்கும் மேலே, குழந்தை தந்தையைப் போலவே இருக்கும் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே கிடையாது. ஒருவரைப் பார்த்து, நீ உன் தாயைப் போல இருக்கிறாய், உன் அண்ணனைப் போல இருக்கிறாய் என்று சொன்னால் அவமானம். தந்தையைப் போல இருக்கிறாய் என்றுதான் சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்டதற்கு, மென்மையான ஒரு பிசைவை உள்ளங்கையில் வைத்து அழுத்தினால் அது கையின் வடிவத்தைப் பெறும் அல்லவா, தந்தை தாயோடு படுத்துக் கருவை அப்படித்தான் உருவாக்குகிறான் என்று விளக்கினார்கள். பிள்ளைக்குத் தந்தையிடம் ஏன் அன்பு என்று கேட்டால், எங்கள் மல மூத்திரம் பட்ட கைகள் அவை என்பார்கள்.

இதைப் படித்துவிட்டு “அவர்களுக்குத் தெரியாது” என்று ஒரே வரியில் முடிப்பது எனக்கு அநியாயமாகப் படுகிறது. உறவு இல்லாமல் கரு இல்லை என்று தெரியும். தந்தையின் சாயல் பிள்ளைக்கு வரும் என்று தெரியும். ஆனால் உயிர் எங்கிருந்து வந்தது, பிள்ளை யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு அவர்களின் பதில் வேறு. அது நிலத்தையும் குலத்தையும் யார் கையில் வைப்பது என்பதோடு பின்னிப்போன பதில்.

ஆஸ்திரேலியாவிலும் இதே கதை நடந்தது. வால்டர் ராத் என்ற மருத்துவர் 1903இல் வட குவீன்ஸ்லாந்தின் டல்லி ஆற்றுப் பக்கம் எழுதிவைத்த குறிப்பு ஒன்று உண்டு. ஒரு பெண் கருவுறுவது, தந்தையாகப்போகிறவன் தந்த ஒரு வகைக் கறுப்பு மீனை அவள் நெருப்பில் வாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததால். அல்லது அவள் ஒரு தவளையை வேட்டையாடிப் பிடித்ததால். ஆனால் அதே பத்தியில் அவரே எழுதுகிறார்: விலங்குகளுக்கு இணை சேர்வதால்தான் கரு உண்டாகிறது என்று இவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். மனிதருக்கு மட்டும் வேறு விளக்கம். மனிதர் விலங்குக்கு மேலே என்பதன் அடையாளமாகவே அந்த விளக்கம் இருந்தது. கணவன் தரும் மீன், நெருப்பு, அடுப்படி எல்லாம் திருமணத்தின் சின்னங்கள் என்று பார்த்தால் அந்த வாக்கியத்தின் பொருளே மாறிவிடுகிறது.

1920களில் லாயிட் வார்னர் என்பவர் ஆஸ்திரேலியாவின் வடக்கே ஆர்ன்ஹெம் நிலத்து மக்களோடு தங்கினார். ஆவிக் குழந்தை தண்ணீரிலிருந்து வந்து தாயின் வயிற்றில் புகுகிறது என்று கேட்டுக் கேட்டு, இவர்களுக்கும் தந்தையின் பங்கு தெரியாது என்றே முதலில் குறித்துக்கொண்டார். பிறகு ஒருநாள் வாய்ப்பு வந்தபோது முதியவர்கள் சிலரிடம் நேரடியாகவே கேட்டார்: பெண்ணுக்குள் போகும் விந்து என்ன செய்கிறது? இதுகூடத் தெரியாதா என்ற ஏளனப் பார்வையோடு, அதுதானே பிள்ளையை உண்டாக்குகிறது என்று பதில் வந்தது. அதுவரை யாரும் அவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ஆவியைப் பற்றிக் கேட்டார்கள், ஆவியைப் பற்றிச் சொன்னார்கள்.

இந்த ஒரு பதிலில் மந்தைக் கதை உடைந்து விழுகிறது. ஆஸ்திரேலியாவுக்கு மனிதர் போய்ச் சேர்ந்து ஏறத்தாழ 50,000 ஆண்டு ஆகிறது. வெள்ளையர் வரும்வரை அங்கே ஆடில்லை, மாடில்லை. டிங்கோ நாய்கூடச் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வந்ததுதான். மந்தை மேய்க்காமலே அந்த முதியவர்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது.

1966இல் எட்மண்ட் லீச் என்ற பிரிட்டிஷ் மானிடவியலாளர் இதையெல்லாம் திரட்டி ஒரு உரையில் கேட்டார்: ஐரோப்பியர் கன்னி மரியாள் குழந்தை பெற்றாள் என்று நம்புகிறார்கள், அதனால் அவர்களுக்குக் கருவுறுதல் பற்றித் தெரியாது என்று யாராவது சொல்வார்களா? அதைச் சமய நம்பிக்கை என்று ஏற்பவர்கள், ட்ரோப்ரியாண்ட் மக்கள் சொன்னால் மட்டும் அறியாமை என்பது ஏன்? மெல்ஃபோர்ட் ஸ்பைரோ என்ற இன்னொரு மானிடவியலாளர் 1968இல் இதை மறுத்து எழுதினார்; மக்கள் ஒன்றைச் சொன்னால் அதைத்தான் நம்புகிறார்கள் என்று எடுத்துக்கொள்வதே முறை என்றார். இருவரில் லீச் பக்கமே நான் சாய்கிறேன். ஒரு மனிதருக்குள் இரண்டு விளக்கமும் ஒரே சமயத்தில் இருக்க முடியும். “கடவுள் கொடுத்த குழந்தை” என்று சொல்லும் நம் வீட்டுப் பெண்ணுக்குக் கணவனின் பங்கு தெரியாதா என்ன?

எழுத்து வந்த பிறகு கிடைக்கும் சான்றுகளில் தொடர்பு தெரியுமா என்ற கேள்வியே எழவில்லை. எகிப்தில் ஏறத்தாழ கி.மு. 1800இல் எழுதப்பட்ட கஹூன் பாப்பிரஸ் என்ற மருத்துவச் சுவடி, முதலைச் சாணத்தைக் குழைத்துப் பெண்ணுறுப்பில் வைத்துக் கரு தடுக்கும் முறையைச் சொல்கிறது. தடுக்க வழி தேடியவர்களுக்குக் காரணம் தெரிந்திருக்கிறது. அடுத்து வந்த சண்டை, யார் பங்கு எவ்வளவு என்பது. கி.மு. 458இல் ஏதென்ஸில் மேடையேறிய ஈஸ்கிலஸின் நாடகத்தில், தாயைக் கொன்ற மகனைக் காப்பாற்ற அப்பல்லோ தெய்வம் நீதிமன்றத்தில் வாதாடுகிறது: தாய் பெற்றவளே அல்ல, விதைத்த விதையைக் காக்கும் செவிலி மட்டும்தான். மனுவும் பெண்ணை நிலம் என்றும் ஆணை விதை என்றும் சொல்லி, இரண்டில் விதைக்கே மேன்மை தந்தான். நம் திருமூலர் இன்னும் சமமாக நிற்கிறார்: “ஆண்மிகில் ஆணாகும் பெண்மிகில் பெண்ணாகும்” என்று இருவரையும் ஒரே தராசில் வைக்கிறார். பாலினம் அப்படி அமைவதில்லை என்பது இன்று தெரியும். ஆனால் கருவில் தாய்க்கும் பொருள் இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட வரி அது.

உண்மையில் நடப்பதை மனிதர் கண்ணால் பார்த்தது வெகு அண்மையில். லேவன்ஹுக் 1677இல் நுண்ணோக்கியில் விந்தணு நெளிவதைப் பார்த்தார். பாலூட்டியின் கருமுட்டையை வான் பேயர் 1827இல் கண்டார். ஒரு விந்தணுவின் உட்கரு முட்டையின் உட்கருவோடு கலப்பதை, கடல் முள்ளெலியின் முட்டையில் ஆஸ்கர் ஹெர்ட்விக் பார்த்தது 1876இல். ஒரு பிள்ளைக்கு ஒரு தந்தைதான் என்பதற்கான ஆதாரமே இந்த ஆண்டுக்குப் பிறகுதான் வருகிறது.

அதுவரை, ஒரு முறை போதுமா, பலமுறை வேண்டுமா, ஒருவர் போதுமா என்பதெல்லாம் திறந்த கேள்விகள். அமேசான் சமவெளியின் பல இனங்கள் இதற்குத் தந்த பதில், கரு வளர்வதற்கு விந்து சேர்ந்துகொண்டே இருக்க வேண்டும், பல ஆண்கள் சேர்ந்து ஒரு குழந்தையை உண்டாக்கலாம் என்பது. அவர்களுக்கு உறவும் கருவும் தொடர்புடையவை என்பது நன்றாகவே தெரியும். ஒருவேளை நம்மைவிட அதிகமாகவே அந்தத் தொடர்பை நம்பினார்கள். வெனிசுவேலா, கொலம்பியா எல்லையில் வாழும் பாரி மக்களிடையே ஸ்டீவன் பெக்கர்மனும் மற்றவர்களும் எடுத்த கணக்கில், இரண்டாவது தந்தை ஒருவராவது இருந்த குழந்தைகளில் 80 சதவீதம் பேர் 15 வயதைத் தாண்டினார்கள். ஒரே தந்தை உள்ளவர்களில் 64 சதவீதம். அந்த இரண்டாவது தந்தை கர்ப்பிணிக்கு மீனும் இறைச்சியும் கொண்டுவந்து தருவார்.

முன்பெல்லாம் பாரிப் பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்ததும் மற்றப் பெண்கள் கூட இருப்பார்கள். குழந்தை பிறந்ததும் தாய், கருவுற்ற காலத்தில் தன்னோடு கூடிய ஆண்களின் பெயரைச் சொல்வாள். கூட இருந்த பெண்களில் ஒருத்தி எழுந்து, எல்லோரும் சேர்ந்து வாழும் நீண்ட வீட்டுக்குத் திரும்பிப் போவாள். பெயர் சொல்லப்பட்ட ஒவ்வோர் ஆணிடமும் போய் நின்று, “உனக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது” என்பாள்.